பருத்தி இலை நிறம் மாறினால் என்ன செய்வது? அறிகுறி பார்த்து உரம் இடும் வழிமுறை

இலை மஞ்சளித்தால் யூரியா, சிவந்தால் மெக்னீசியம், சப்பை (பூ மொட்டு) உதிர்ந்தால் ஒரு பாட்டில் டானிக். உரக்கடைகளில் பருத்திக்குச் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. வயலில் நிலைமை வேறு. இலை சிவப்பதற்குத் தத்துப்பூச்சி காரணமாக இருக்கலாம், மார்கழிக் குளிர் காரணமாக இருக்கலாம், போன வாரம் பாத்தியில் தேங்கி நின்ற மழைநீரும் காரணமாக இருக்கலாம். காரணம் தெரியாமல் கொட்டும் உரம் காசுக்குக் கேடு என்பதோடு நிற்காது. சில நேரம் இல்லாத குறையை உண்டாக்கியும்விடும்.

கீழே சொல்லியிருப்பது பெரம்பலூர், அரியலூர், சேலம், விருதுநகர் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் வழக்கமாகக் காணப்படும் கோளாறுகளை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற பகுதிகளிலும் அறிகுறிகள் மாறாது. காலமும் மண்ணும்தான் மாறும்.

மூட்டையைப் பிரிக்கும் முன்

நிறம் மாறியது அடி இலையா, கொழுந்தா என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை எடுத்து இளம் பாகங்களுக்கு அனுப்பிவிடும். அதனால் முதலில் வாடுவது அடி இலை. கந்தகம், இரும்பு, போரான், சுண்ணாம்புச் சத்து ஆகியவை போய்ச் சேர்ந்த இடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. அவற்றின் குறை கொழுந்தில்தான் தெரியும். துத்தநாகமும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான். இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சாம்பல் சத்துப் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்து, பாதிப்பு வயலில் எப்படிப் பரவியிருக்கிறது என்று வரப்பில் நின்று பாருங்கள். பள்ளமான இடத்தில் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தால் நீர்த்தேக்கம் அல்லது உவர். வயலின் ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் பக்கத்து வயலில் அடித்த மருந்து. ஒன்றுவிட்டு ஒன்று வரிசையாக இருந்தால் உரம் இட்ட ஆளின் கைக்கணக்கு. சத்துக் குறை பொதுவாக ஒரே மண் உள்ள பரப்பு முழுவதும் ஒரே மாதிரி வரும்.

மூன்றாவதாக இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், இரண்டு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். பூச்சியோ வேர் அழுகலோ இருந்தால் உரத்தைப் பற்றிய பேச்சே அங்கே முடிந்துவிடும்.

அடி இலைகள் வெளிறி, செடியே சோர்ந்த பச்சையாக இருக்கிறது

நரம்பு, நரம்பிடை என்ற வேறுபாடு இல்லாமல் இலை முழுவதும் வெளிறி, புதிய இலைகள் சிறுத்து, பக்கக் கிளைகள் குறைந்திருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. முற்றினால் அந்த இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். கனமழைக்குப் பின் கரிசலில் இது அடிக்கடி வருகிறது. தண்ணீர் தேங்கிய களிமண்ணில் காற்றில்லாத நிலையில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடுகிறது. வேரும் மூச்சுத் திணறி எடுக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. இந்த நிலையில் ஈரச் சேற்றில் யூரியாவை வீசுவது பயனற்ற வேலை. முதலில் வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். வேர் தேறும்வரை 1 சதவீத யூரியாக் கரைசலை, அதாவது 200 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ, இலைவழியாகத் தெளிக்கலாம். மண் கால் பதியும் பதத்துக்கு வந்தபின் மேலுரம் இட்டு மண் அணையுங்கள். கரிசலின் காரத்தன்மையில், மேற்பரப்பில் திறந்து கிடக்கும் யூரியா அம்மோனியாவாக ஆவியாகும். மண்ணால் மூடினால்தான் மிச்சம்.

அளவு தெரியாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. மண் ஆய்வு முடிவு கையில் இல்லாதபோது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, இறவை ரகங்களுக்கு எக்டேருக்கு 80:40:40 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. வீரிய ஒட்டுகளுக்கு 120:60:60 கிலோ. ஒட்டுப் பருத்திக்கு ஏக்கர் கணக்கில் சொன்னால் 48:24:24. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஏறத்தாழ 50 கிலோ, யூரியா 85 கிலோ, பொட்டாஷ் 40 கிலோ. இன்றைய 45 கிலோ மூட்டையில் யூரியா இரண்டு மூட்டைக்கும் சற்றுக் குறைவுதான். ஒரே தடவையில் இரண்டு மூட்டையைக் கவிழ்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூரியாவை அடியுரம், விதைத்த 45-ஆம் நாள், 65-ஆம் நாள் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

கொழுந்து மட்டும் மஞ்சள், அடி இலைகள் பச்சை

இங்கே யூரியா வேலை செய்யாது. இளம் இலை நரம்பு உட்பட ஒரே சீராக வெளிர் மஞ்சளாக இருந்தால் கந்தகம். பல ஆண்டுகளாக டி.ஏ.பி.யும் யூரியாவும் மட்டுமே போட்டுவந்த நிலங்களில் இது வருவதில் வியப்பில்லை, அவை இரண்டிலும் கந்தகம் கிடையாது. முன்பு எல்லோரும் போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம் என்றால் கூடவே கந்தகம் 11 சதவீதம் அளவுக்கு வந்துகொண்டிருந்தது, சுண்ணாம்புச் சத்தும் வந்தது. மூட்டை சுமக்கும் சிரமம் குறைய வேண்டும் என்று டி.ஏ.பி.க்கு மாறியதில் இது கைநழுவிப் போயிற்று. அடுத்த பட்டத்தில் மணிச்சத்தைச் சூப்பராகவே இடுங்கள். நின்ற பயிருக்கு மேலுரத்தில் ஒரு பகுதியை அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுக்கலாம்.

நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்று, இடைப்பகுதி வெளுத்துப்போனால் இரும்பு. சுண்ணாம்புக் கற்கள் கலந்த நிலத்தில் சாதாரணமாகக் காணலாம். அத்தகைய மண்ணில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கொட்டினால் சில நாளிலேயே செடிக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். 200 லிட்டருக்கு 1 கிலோ அன்னபேதி, 200 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிப்பதே வழி.

இலை சிறுத்து, கணுவிடை குறுகி, நரம்பிடை வெளிறி வெண்கலச் சாயல் தட்டினால் துத்தநாகம். மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்ட வயலில் துத்தநாகம் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும். 200 லிட்டருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் கலந்து தெளிக்கலாம். விதைப்புக்கு முன் என்றால் ஏக்கருக்கு 10 கிலோ மண்ணில் இடுவது நல்லது.

இலை சிவக்கிறது

பருத்தி விவசாயியை அதிகம் அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். பச்சையம் சிதைந்து ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி சேர்வதால் இலை சிவக்கிறது. அந்த நிறமி எந்த நெருக்கடியிலும் உருவாகும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் இலையைத் திருப்புங்கள். வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் பக்கவாட்டில் நகரும் சிறு குஞ்சுகள் தெரிகின்றனவா? இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, ஓரத்தில் மஞ்சள் தொடங்கிப் பிறகு சிவந்து கருகுகிறதா? அது தத்துப்பூச்சியின் வேலை. இலைக்கு இரண்டு குஞ்சுகள் என்ற அளவைத் தாண்டினால் மருந்து தேவைப்படும். இந்த வயலில் மெக்னீசியம் சல்பேட் அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் அந்த ஒரு வாரமும் பூச்சிக்குக் கொடுத்த சலுகை.

பூச்சி இல்லை, அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று, நரம்பிடை மட்டும் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த சாயலில் இருக்கிறது என்றால் மெக்னீசியம். செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் அதிகம். பச்சையத்தின் நடுவில் அமர்ந்திருக்கும் உலோகமே மெக்னீசியம்தான். பொட்டாஷை அளவுக்கு மேல் இட்டாலும் இந்தக் குறை வரும். வேரில் இரண்டும் போட்டியிடும்போது மெக்னீசியம் பின்தங்கிவிடும். 200 லிட்டருக்கு 2 கிலோ மெக்னீசியம் சல்பேட், கூடவே 2 கிலோ யூரியா. பூக்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று என்று இரண்டு தெளிப்பு. ஏற்கெனவே சிவந்துபோன இலை மறுபடி பச்சையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிவப்பு மேலே ஏறாமல் நிற்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பலனை மதிப்பிட வேண்டும்.

நரம்பும் சேர்ந்து சிவந்து, அதற்கு முன்பே இலை வெளிறியிருந்தால் அது முன்னர் சொன்ன தழைச்சத்துக் குறையின் முற்றிய நிலை.

ஆவணி, புரட்டாசியில் விதைத்த பருத்தி மார்கழியில் காய் சுமந்து நிற்கும். அந்த மாதத்தில் இரவுக் குளிர் இறங்கினால் ஊர் முழுவதும் எல்லா வயலும் ஒரே வாரத்தில் சிவக்கும். வெயில் படும் மேல் இலைகளில் இது அதிகம். உரம் போட்டவர் வயல், போடாதவர் வயல் என்ற வித்தியாசம் பெரிதாக இருக்காது. இதற்கு உரத்தில் மருந்து கிடையாது, அடுத்த முறை விதைப்பை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. பள்ளத்தில் மட்டும் சிவந்தால் வடிகால். காய்கள் பெரும்பாலும் முற்றிவிட்டபின் சிவந்தால் அது முதுமை. அந்த வயலுக்கு எந்தக் கடையிலும் எதுவும் வாங்காதீர்கள்.

2002-இல், காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. பருத்தி அனுமதி பெற்று வந்தபின் சிவப்பு அதிகமாகிவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. காய்ப்புழு தின்று தீர்த்திருக்கக்கூடிய முதல் சப்பைகள் தப்பி, குறுகிய காலத்தில் நிறையக் காய்கள் ஒன்றாக நிற்கின்றன. அத்தனை காயும் ஒரே நேரத்தில் இலையிலிருந்து சத்தை இழுக்கும்போது, பழைய ரகத்துக்குப் போதுமாக இருந்த உரம் போதாமல் போகிறது. விதை மாறியது, உரமிடும் பழக்கம் மாறவில்லை.

காய் பிடித்தபின் இலை துருவேறியதுபோல் ஆகிறது

சாம்பல் சத்துக் குறைக்கு ஒரு காலத்தில் பருத்தித் துரு என்ற பெயர் வழங்கியது. பூஞ்சாணத்தால் வரும் துரு நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. நரம்பிடையில் மஞ்சள் புள்ளி புள்ளியாகத் தோன்றும். பிறகு இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகி, கீழ்நோக்கி வளைந்து, தொட்டால் நொறுங்கும் அளவுக்கு விறைத்துப்போகும். பாடப்படி இது அடி இலையில் தொடங்க வேண்டும். ஆனால் அதிகம் காய்க்கும் இன்றைய ஒட்டுகளில், விதைத்து மூன்று மாதம் ஆனபின், நடு இலைகளிலும் மேல் இலைகளிலும்தான் முதலில் தெரிகிறது. முதலில் சொன்ன விதிக்கு விலக்கு இதுதான். காய் அவ்வளவு வேகமாக இழுப்பதால் பக்கத்திலிருக்கும் இளம் இலையே முதலில் காலியாகிறது. பருத்தி எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு காய்க்குள்ளும் காயின் ஓட்டிலும் போய்த் தங்குகிறது.

“எங்கள் கரிசலில் பொட்டாஷ் நிறைய இருக்கிறது, மண் ஆய்வு அட்டையிலேயே மிகுதி என்று போட்டிருக்கிறது” என்பார்கள். அட்டை பொய் சொல்லவில்லை. பயிர் அதை எடுக்கும் வேகம்தான் சிக்கல். பருத்தி வேர் அடர்த்தி குறைந்தது. சாம்பல் சத்து மண்ணீரின் வழியாக மெல்ல ஊர்ந்து வேரை அடைய வேண்டும். மண் காய்ந்தால் அந்த நகர்வு ஏறக்குறைய நின்றுவிடும். காய் சுமை ஏறும் வாரங்களில் சர்க்கரை முழுவதும் காய்க்குப் போவதால் வேர் புதிதாக வளர்வதும் குறைகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து அடியில் இருக்கிறது. மானாவாரியில் மழை பின்வாங்கும் காலமும் இதுவே.

இதன் பாதிப்பு எடையோடு நிற்பதில்லை. பூ மலர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம் இழை நீளும். அந்த நீட்சிக்கு வேண்டிய உள்ளழுத்தத்தை இழைக்குள் காப்பதில் பொட்டாசியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்பின் இழைச் சுவர் தடிக்க வேண்டும், இலை முன்னமே உதிர்ந்துபோனால் தடிக்காது. நீளம் குறைந்த, முதிராத இழை கிடைக்கும். மேல் காய்கள் பாதி வெடித்து நிற்கும். இப்படிப்பட்ட காயில் எடுத்ததை ஏல மையத்தில் கொட்டு ரகம் என்று தனியே ஒதுக்கிவிடுவார்கள். நல்ல பருத்தியோடு கலந்து கொண்டுபோனால் மொத்தத்துக்கும் விலை இறங்கும். ஆகவே எடுக்கும்போதே தனிச் சாக்கில் போடுங்கள்.

தீர்வு இரண்டு கட்டம். பொட்டாஷ் முழுவதையும் அடியுரமாகப் போட்டு முடிக்காமல் பாதியை முதல் மேலுரத்தோடு கொடுங்கள். காய் பிடிக்கும் பருவத்தில் 2 சதவீத பொட்டாசியம் நைட்ரேட், 200 லிட்டருக்கு 4 கிலோ, இரு வார இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். இலை கருகத் தொடங்கியபின் தெளிப்பது பாதி பலன்தான் தரும். அந்த நிலையில் நிற்கும் இலைகளில் ஆல்டர்நேரியா புள்ளி நோயும் குடியேறியிருக்கும்; பூஞ்சாணக்கொல்லி புள்ளியை நிறுத்துமே தவிர, அதற்கு இடம் கொடுத்த பலவீனம் நீங்காது.

சப்பையும் பிஞ்சும் உதிர்கின்றன

பாதிக்கு மேல் உதிர்வது பருத்தியின் இயல்பு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கும். உதிர்ந்ததை எடுத்துப் பாருங்கள். துளையும் எச்சமும் இருந்தால் புழு. துளை இல்லாமல், தொடர்ந்து மேகமூட்டமோ நீர்த்தேக்கமோ வறட்சியோ இருந்திருந்தால் அதுவே காரணம். வெயில் வந்ததும் தானே சரியாகும்.

இவை எதுவும் இல்லாதபோது இலைக்காம்பைப் பாருங்கள். காம்பில் வளையம் வளையமாகக் கரும்பச்சைப் பட்டை தெரிந்து, குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பேறியிருந்தால் போரான் குறை. கொழுந்து தடித்து முறுக்கிக்கொள்வதும் காய் கோணலாகப் போவதும் உடன்வரும். மகரந்தக் குழல் வளர போரான் வேண்டும் என்பதால் விதை பிடிப்பும் கெடும். 200 லிட்டருக்கு 200 கிராம் போராக்ஸ் போதும். கைக்கு வந்தபடி அள்ளிப் போடக்கூடாத சத்து இது, தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது.

பொதுவான உதிர்வுக்கு 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) என்.ஏ.ஏ. வளர்ச்சி ஊக்கியை 60, 90-ஆம் நாட்களில் தெளிக்கும் பரிந்துரை உண்டு. பல்கலைக்கழகத்தின் ‘பருத்தி பிளஸ்’ கலவையை ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தெளிக்கலாம். பெயர் தெரியாத டானிக்கை வாங்குவதற்கு இவை எவ்வளவோ மேல்.

தெளிப்பில் ஓர் எச்சரிக்கை. டி.ஏ.பி. கரைசலோடு மெக்னீசியம் சல்பேட்டையோ துத்தநாக சல்பேட்டையோ கலந்தால் பாஸ்பேட்டாகத் திரிந்து டேங்கின் அடியில் படியும். நாசிலும் அடைக்கும், செடிக்கும் போகாது. ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றுவது கூலியை மிச்சப்படுத்தி உரத்தை வீணாக்கும் வழி.

இலை விரல் விரலாகப் பிளந்து நீள்கிறது

சத்துக் குறை அல்ல. பக்கத்து வயலில் சோளத்துக்கோ கரும்புக்கோ அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்திருக்கும், அல்லது அதே தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குப் பயன்படுத்தியிருப்பீர்கள். பருத்திக்கு இந்த மருந்தின் சுவடே போதும். நுண்ணூட்டம் அடித்துச் செலவைக் கூட்டாமல் தண்ணீர் கட்டி, புதிய கொழுந்து வரும்வரை காத்திருங்கள்.

காய் நிறைந்த செடி ஒரே நாளில் வாடித் தொங்குகிறது

வறட்சிக்குப் பின் திடீர் மழை, அதன்பின் கொளுத்தும் வெயில். வேரில் அழுகல் இல்லை, தண்டைப் பிளந்தால் நிறமாற்றமும் இல்லை என்றால் இது திடீர் வாடல். நோய் அல்ல. தண்ணீரை வடித்துவிட்டு, வாடிய முதல் இரண்டு நாட்களுக்குள் 10 பிபிஎம் கோபால்ட் குளோரைடு, 200 லிட்டருக்கு 2 கிராம், தெளித்தால் செடிகள் பிழைக்க வாய்ப்புண்டு. பிந்தினால் பயனில்லை.

செடி மரம்போல் வளர்கிறது, காய் இல்லை

கரும்பச்சை, அகன்ற இலை, வரப்பிலிருந்து பார்க்கக் கண்ணுக்கு நிறைவு. உள்ளே கை விட்டால் காய் எண்ணிக்கை ஏமாற்றம். யூரியா மிகுந்த வயல். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இது விருந்து. அடர்ந்த நிழலில் அடிக்காய்கள் அழுகும், வெடிப்பும் தள்ளிப்போகும். மீதமுள்ள யூரியாவை நிறுத்துங்கள். ரகங்களில் 15-ஆம் கணுவுக்கு மேல் 75 முதல் 80 நாளில், ஒட்டுகளில் 20-ஆம் கணுவுக்கு மேல் 85 முதல் 90 நாளில் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை, விளைச்சல் மட்டும் குறைவு

மணிச்சத்துக் குறை பெரும்பாலும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். இலை மங்கிய கரும்பச்சையாக, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். செடி சற்றுக் குட்டையாக நிற்கும், பூப்பது தள்ளிப்போகும். மற்ற சத்துகளிலும் இலையில் தெரியாத அளவுக்குச் சிறு குறை இருந்து மகசூலை மட்டும் கடிக்கலாம். இதற்கு மண் ஆய்வைத் தவிர வேறு வழியில்லை. கடைசி எடுப்பு முடிந்து, அடுத்த உரம் இடுமுன், வரப்பையும் மரநிழலையும் எருக்குவியல் இருந்த இடத்தையும் தவிர்த்து, 9 அங்குல ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள்.

அதோடு எந்தத் தெளிப்பு செய்தாலும் வயலின் நடுவில் நான்கு வரிசையை விட்டுவையுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தெளித்த பக்கம் பத்துச் செடி, விட்ட பக்கம் பத்துச் செடி என்று வெடித்த காய்களை எண்ணி, இரண்டு பக்கத்து எடுப்பையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். நிறுவையில் வித்தியாசம் இல்லாத மருந்தை அடுத்த பட்டத்துக்கு வாங்க வேண்டாம்.